எட்டுக் குண்டுகள், எட்டுப் பள்ளங்கள்: வீட்டுக் கராஜில் பிரித்துப் பூட்டிய ஒரு சூப்பர்சார்ஜர் – நிகழ்வு ஆய்வு

பின்னணி

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் ஒரு வீட்டுக் கராஜில் 2019ஆம் ஆண்டு இலையுதிர்காலத்தில் தொடங்கி அடுத்த ஆண்டு வரை நீண்ட வேலை இது. வண்டி 1998ஆம் ஆண்டின் போன்டியாக் கிராண்ட் ப்ரீ ஜிடிபி. அதன் உரிமையாளர் வண்டி வேலையில் ஓரளவு பழக்கம் உள்ளவர். பிரேக், சஸ்பென்ஷன், வாட்டர் பம்ப் வரை தானே மாற்றியிருக்கிறார், ஆனால் இன்ஜினுக்குள் கூடுதல் காற்றை அழுத்தித் தள்ளும் சூப்பர்சார்ஜரை அதுவரை திறந்ததில்லை. நான் அவருக்குக் கைகொடுத்தவன் மட்டுமே. பின்னர் மூன்றாவதாக வந்து சேர்ந்தவர் பக்கத்துத் தெருவில் வசிக்கும், கடைசல் வேலையில் ஓய்வுபெற்ற ஒரு பெரியவர்.

அந்த வண்டியில் இருப்பது 3800 சீரிஸ் 2 வரிசையைச் சேர்ந்த எல்67 என்ற 3.8 லிட்டர் வி6 இன்ஜின். 240 குதிரைத்திறன் தரும் அதன் மேல் ஈட்டன் எம்90 சூப்பர்சார்ஜர் உட்கார்ந்திருக்கிறது. ஒரு சுற்றுக்கு 90 கன அங்குலம், அதாவது ஏறத்தாழ 1.47 லிட்டர் காற்றைத் தள்ளும் என்பதால் அந்தப் பெயர். உள்ளே முறுக்கிய மூன்று இதழ்கள் கொண்ட இரண்டு ரோட்டர்கள், ஒன்றையொன்று தொடாமல், இரண்டு டைமிங் கியர்களின் ஒழுங்கில் எதிரெதிராகச் சுழல்கின்றன. முன்பக்கம் நீண்டிருக்கும் மூக்குப் பகுதிக்குள் புல்லியின் ஷாஃப்ட்டும் அதைத் தாங்கும் இரண்டு பால் பேரிங்குகளும் இருக்கின்றன. ஷாஃப்ட்டின் உள்முனையில் உள்ள மூன்று பின்களும், ரோட்டர் பக்கத்து மூன்று பின்களும் நடுவில் ஒரு பிளாஸ்டிக் கப்ளரின் ஆறு துளைகளில் சந்திக்கின்றன. ரோட்டர்களின் பின்முனைகள் கிரீஸ் அடைத்த நீடில் பேரிங்குகளில், அதாவது ஊசிபோன்ற மெல்லிய உருளைகள் கொண்ட பேரிங்குகளில், ஓடுகின்றன.

மூக்குக்கும் கியர்களுக்கும் தனியாக ஒரு ஆயில் உண்டு. இன்ஜின் ஆயிலுக்கும் அதற்கும் தொடர்பில்லை. ஏறக்குறைய 30,000 மைலுக்கு ஒருமுறை அதன் அளவைப் பார்க்க வேண்டும் என்பது பராமரிப்பு அட்டவணை. உரிமையாளர் இந்த வண்டியை 1,40,000 மைல் ஓடிய நிலையில் வாங்கியவர். நாங்கள் கை வைத்தபோது 1,63,000 மைல். அந்த ஆயில் பிளக்கைச் சுற்றி உறைந்திருந்த அழுக்கைப் பார்த்தால், தொழிற்சாலையில் இறுக்கிய பிறகு யாரும் அதைத் திறந்ததாகத் தெரியவில்லை.

கவனித்தவை

முதலில் வந்தது சத்தம். காலையில் வண்டியைக் கிளப்பி ஐடிலில் விட்டால் பழைய டீசல் வண்டி நிற்பதுபோன்ற ஒரு லொடலொடப்பு. ஆக்ஸிலரேட்டரை லேசாகத் தொட்டால் மறைந்துவிடும். சாலையில் ஓடும்போது வேறொரு சத்தம் கேட்டது. வேகத்தோடு ஏறி இறங்கும் மெல்லிய கரகரப்பு. இந்த இரண்டையும் ஒரே கோளாறு என்று உரிமையாளர் நினைத்திருந்தார்.

இந்த இன்ஜினில் சூப்பர்சார்ஜருக்கென்று தனி பெல்ட் இருக்கிறது. வாட்டர் பம்பும் ஆல்டர்னேட்டரும் மற்றொரு பெல்ட்டில் ஓடுவதால், சூப்பர்சார்ஜர் பெல்ட்டை மட்டும் கழற்றிவிட்டு இன்ஜினைச் சிறிது நேரம் ஓட்டிப் பார்க்கலாம். ஓட்டினோம். இரண்டு சத்தங்களும் நின்றன. பெல்ட் இல்லாத நிலையில் புல்லியைக் கையால் இருபுறமும் அசைத்தபோது, ரோட்டர்கள் நகர்வதற்கு முன்பே புல்லி சில பாகை சும்மா ஆடியது. அது கப்ளர். ஐடிலில், காற்றை மாற்றுவழியில் விடும் பைபாஸ் வால்வு திறந்திருப்பதால் ரோட்டர்களுக்குச் சுமை இல்லை. இன்ஜினின் ஒவ்வொரு வெடிப்பும் பெல்ட் வழியாகச் சிறு உதறலாக வந்து சேர, தேய்ந்த துளைக்குள் பின்கள் முன்னும் பின்னும் மோதுகின்றன. சுமை ஏறியதும் பின்கள் ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றுவிடும், சத்தமும் நின்றுவிடும். ஐடிலில் மட்டும் லொடலொடப்பதற்குக் காரணம் அதுதான்.

கரகரப்புக்குக் காரணம் வேறு. புல்லியை மெதுவாகச் சுற்றியபோது விரலில் நறநறவென்று மணல் உரசுவதுபோல் பட்டது. அலன் கீயால் பிளக்கைத் திறந்து, மெல்லிய குழாய் மாட்டிய ஊசிப்பம்பால் ஆயிலை உறிஞ்சி எடுத்தோம். தேநீர் டிகாஷன் நிறத்தில், இருக்க வேண்டிய மட்டத்துக்கு வெகு கீழே நின்றது. இந்த ஆயிலின் நாற்றத்தை ஒருமுறை முகர்ந்தவர் மறக்கமாட்டார். கந்தகமும் அழுகலும் கலந்த அந்த வாடை கையுறையைத் தாண்டி இரண்டு நாள் விரலிலேயே இருந்தது.

முழு அலகையும் இன்ஜினிலிருந்து இறக்கி மேசையில் வைத்துப் பிரித்தபோது ஐயம் உறுதியானது. கப்ளரின் ஆறு துளைகளும் நீள்வட்டமாகியிருந்தன. மூக்கின் இரண்டு பேரிங்குகளில் முன்னது கரடுமுரடாகச் சுழன்றது. பின்பக்க நீடில் பேரிங்குகளில் கிரீஸ் காய்ந்து பழுப்புப் பசையாக ஒட்டியிருந்தது. ரோட்டர்களின் மேற்பூச்சு, விளிம்பில் சில கீறல்கள் தவிர, நன்றாகவே இருந்தது. பெட்டியின் உள்சுவரில் ரோட்டர் உரசிய தடம் எதுவும் இல்லை.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

போன்டியாக் என்ற பெயரையே ஜெனரல் மோட்டார்ஸ் 2010இல் நிறுத்திவிட்டது. பழைய வண்டிகளை உடைக்கும் யார்டில் இன்னொரு எம்90 எடுக்கலாம், ஆனால் அதுவும் இதே வயதுடையது, உள்ளே எப்படியிருக்கும் என்று தெரியாது. புதுப்பித்த அலகுகளின் விலை உதிரிப் பாகங்களின் விலையைப் போல் பல மடங்கு. எனவே பிரித்ததையே சரிசெய்வது என்று முடிவாயிற்று.

எதையெல்லாம் மாற்றுவது என்பதில்தான் கூடுதலாக யோசித்தோம். கப்ளர், மூக்கின் இரண்டு பேரிங்குகள், ஆயில் சீல், பின்பக்க நீடில் பேரிங்குகள் ஆகியவற்றை மாற்றுவதில் கருத்து வேறுபாடு இல்லை. டைமிங் கியர்களுக்குப் பின்னால், ரோட்டர்களின் முன்முனையைத் தாங்கும் பேரிங்குகளையும் மாற்றிவிட வேண்டும் என்று உரிமையாளர் விரும்பினார். இவ்வளவு தூரம் வந்துவிட்டு அதை மட்டும் ஏன் விடுவது என்பது அவர் வாதம். அவற்றை எடுக்க வேண்டுமானால் ஷாஃப்ட்டில் அழுத்திப் பொருத்திய கியர்களை உருவ வேண்டும். கியர் எந்தக் கோணத்தில் ஏறியிருக்கிறதோ அந்தக் கோணம்தான் இரு ரோட்டர்களுக்கும் இடையே உள்ள மயிரிழை இடைவெளியைக் காக்கிறது. திரும்ப ஏற்றும்போது அது இம்மியளவு தவறினாலும் ரோட்டர்கள் உரசும். அதற்குரிய பிடிப்புச் சாதனம் எங்களிடம் இல்லை. அந்தப் பேரிங்குகளைச் சுழற்றிப் பார்த்தால் வழுவழுப்பாக ஓடின, அச்சு வாக்கில் ஆட்டம் இல்லை, கியர் பற்களிலும் தேய்மானம் தெரியவில்லை. அவற்றைத் தொடுவதில்லை என்று தீர்மானித்தோம். இந்த முடிவு சரி என்றே இப்போதும் நினைக்கிறேன்.

முதல் முயற்சி

பின்பக்க நீடில் பேரிங்குகள் மறுபுறம் மூடிய குருட்டுத் துளையில் உட்கார்ந்திருப்பதால் பின்னாலிருந்து தட்டி எடுக்க வழியில்லை. துளைக்குள் கிரீஸை நிரப்பி, பொருத்தமான இரும்புத் தண்டைச் செருகி அடித்தால் கிரீஸின் அழுத்தமே பேரிங்கைத் தள்ளிவிடும் என்று ஒரு வழி சொல்வார்கள். முழுச் சுவருள்ள புஷ்ஷுக்கு அது வேலை செய்யும்; நீடில்களுக்கு இடையே சந்து இருப்பதால் கிரீஸ் அந்த வழியாகப் பீறிட்டு உரிமையாளரின் கண்ணாடியில் வந்து விழுந்தது. உதிரிபாகக் கடையில் முன்பணம் கட்டி இரவல் வாங்கிய, இழுத்துக் கழற்றும் கருவியான குருட்டுத்துளை புல்லர்தான் கடைசியில் காரியத்தை முடித்தது. புதியவற்றை ஏற்றும்போது, எழுத்து பொறித்த பக்கம் அழுத்தும் கருவியை நோக்கி இருக்கும்படி வைத்து, கழற்றுவதற்கு முன் அளந்து குறித்துக்கொண்ட ஆழம் வரை இறக்கி, உயர்வெப்ப கிரீஸ் அடைத்தோம்.

மூக்கின் பேரிங்குகளுக்கு மிகுந்த கவனம் எடுத்துக்கொண்டோம். அலுமினியம் சூட்டில் எஃகைவிட ஏறத்தாழ இருமடங்கு விரியும். 40 மில்லிமீட்டர் துளை என்று வைத்துக்கொண்டால், அறை வெப்பத்திலிருந்து 120 பாகை செல்சியஸுக்குப் போகும்போது விட்டம் 0.09 மில்லிமீட்டர் அளவு பெருகும். பேரிங்கை ஃப்ரீசரில் வைத்தால் அது இன்னும் 0.02 மில்லிமீட்டர் சுருங்கும். அந்த இரண்டும் சேர்ந்தால் சுத்தியலுக்கே வேலை இல்லை. புதிய பேரிங்குகளை உள்வளையத்தில் மட்டும் படும் குழாயால் அழுத்தி ஷாஃப்ட்டில் ஏற்றி, இரவு முழுவதும் ஃப்ரீசரில் வைத்து, மூக்கை வீட்டு அடுப்பில் சூடாக்கி எடுத்து உள்ளே இறக்கினோம். தட்டாமலே சறுக்கிக்கொண்டு போய் உட்கார்ந்தது. அடுப்பிலிருந்து எழுந்த அந்த ஆயில் வாடைக்காக உரிமையாளர் தம் வீட்டாரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டதை இங்கே விரிக்கத் தேவையில்லை. மூக்கை அடுப்பில் வைப்பதற்கு முன் முற்றாகக் கழுவியிருக்க வேண்டும் என்பது மட்டும் குறிப்பு.

ஆறிய பிறகு ஆயில் சீலைப் பொருத்தினோம். மீதமிருந்தது புல்லி. அது ஷாஃப்ட்டின் மேல் இறுக்கமாக ஏறுவது. கழற்றும்போது புல்லர் எளிதாகவே உருவியிருந்ததால், ஏற்றுவதும் அப்படித்தான் இருக்கும் என்று எண்ணினோம். மூக்கை அதன் விளிம்பு படும்படி இரண்டு மரக்கட்டைகள் மேல் நிறுத்தி, புல்லியை ஷாஃப்ட் நுனியில் வைத்து, அதன் மேல் ஒரு கட்டையை வைத்து உரிமையாளர் சுத்தியலால் அடித்தார். ஏழெட்டு அடி இருக்கும். மூக்கு சாயாமல் பிடித்துக்கொண்டிருந்த கை என்னுடையது. புல்லி எங்கே நிற்க வேண்டும் என்பதற்குப் போட்டிருந்த மார்க்கர் கோடு பிரேக் கிளீனரில் அழிந்துபோயிருந்ததால், கண்ணளவாக நிறுத்தினோம்.

அடுத்த நாள் மூக்கின் இணைப்பு முகங்களில் சீலன்ட் தடவி மூடி, ஓரிரவு காயவிட்டு, புதிய ஆயிலைப் பிளக் துளையின் அடிப்புரி மட்டம் வரை நிரப்பி, அலகை ஏற்றினோம். வண்டி அமைதியாக ஓடியது. லொடலொடப்பும் இல்லை, கரகரப்பும் இல்லை.

நானூறு மைல் கழித்து

ஏறக்குறைய ஐந்து வாரத்தில் ஒரு ஊளை தொடங்கியது. இன்ஜின் வேகத்தோடு ஏறும், சுமை கூடினாலும் குறைந்தாலும் மாறாத, ஒரே சீரான ஓசை. கிராங்க் புல்லி சூப்பர்சார்ஜர் புல்லியைவிட ஏறக்குறைய இரு மடங்கு பெரியது. இன்ஜின் நிமிடத்துக்கு 5,500 சுற்றில் ஓடினால் மூக்கின் பேரிங்குகள் 11,000 சுற்றுக்கு மேலோ கீழோ ஓடுகின்றன. அந்த வேகத்தில் சிறு பிழையும் இசைக்கருவியாகிவிடும். நீள ஸ்க்ரூடிரைவரின் கைப்பிடியைக் காதோரம் வைத்து நுனியை மூக்கில் ஊன்றியபோது ஓசை எங்கிருந்து வருகிறது என்பதில் ஐயமிருக்கவில்லை.

உரிமையாளர் பேரிங்கை விற்றவர் மேல் கோபமாக இருந்தார். இணையவழி வாங்கியது, பெட்டியில் இருந்த அச்சும் மங்கல், ஆகவே போலிச் சரக்கு என்று முடிவுகட்டி, பணத்தைத் திருப்பிக் கேட்டுப் புகார் எழுதிவைத்திருந்தார். நானும் அதையே நம்பினேன். புகாரை அனுப்புவதற்கு முன் பேரிங்கை அறுத்துப் பார்த்துவிடலாம் என்று சொன்னவர் அந்த ஓய்வுபெற்ற பெரியவர். அவரிடம் கடைசல் இயந்திரமும், பாகங்களை அழுத்திப் பொருத்தும் சிறிய பிரஸ்ஸும் வீட்டிலேயே இருக்கின்றன.

மூக்கை மட்டும் கழற்ற அலகு முழுவதையும் இறக்க வேண்டியதில்லை என்பதால் அரைநாளில் பேரிங்குகள் அவர் மேசையில் இருந்தன. முன் பேரிங்கின் வெளிவளையத்தைக் கிரைண்டரால் இரண்டு இடத்தில் அறுத்துப் பிளந்தார். துடைத்து, விளக்கொளியில் சாய்த்துப் பிடித்தபோது வளையத்தின் ஓடுபாதையில் சம தூரத்தில் சிறுசிறு பள்ளங்கள் மினுங்கின. நம் ஊர்ச் சைக்கிள் கடையில் பால்ரஸ் என்பார்களே, அந்த எஃகுக் குண்டுகள் இந்தப் பேரிங்கில் எட்டு. பள்ளங்களும் எட்டு. அவை பாதையின் நடுவடியில் இல்லை. உள்வளையத்தில் ஒரு பக்கமாகவும் வெளிவளையத்தில் அதற்கு எதிர்ப்பக்கமாகவும் ஒதுங்கியிருந்தன. ஓடித் தேய்ந்திருந்தால் தடம் வட்டம் முழுக்கத் தொடர்ச்சியாகப் பரவியிருக்கும். இவை நின்ற நிலையில், அச்சு வாக்கில் வந்த அடியால் குண்டுகள் பதித்த தழும்புகள். பெரியவர் அதிகம் பேசுபவரல்லர். "புல்லியை எப்படி ஏற்றினீர்கள்?" என்று மட்டும் கேட்டார்.

சுத்தியல் அடி புல்லியிலிருந்து ஷாஃப்ட்டுக்குப் போயிருக்கிறது. ஷாஃப்ட்டின் மறுமுனைக்கு அடியில் எதுவும் இல்லை; மூக்கின் விளிம்புதான் கட்டையில் நின்றது. எனவே அந்த விசை ஷாஃப்ட்டிலிருந்து உள்வளையத்துக்கும், அங்கிருந்து குண்டுகளுக்கும், குண்டுகளிலிருந்து வெளிவளையத்துக்கும் போய், அதன் பிறகே மூக்கைச் சேர்ந்து மரக்கட்டையில் இறங்கியிருக்கிறது. கழற்றும்போது இது நேராததற்குக் காரணமும் அப்போதுதான் புரிந்தது. புல்லரின் திருகு ஷாஃப்ட் நுனியைத் தள்ளுகிறது, அதன் நகங்கள் புல்லியை இழுக்கின்றன; விசை அந்த இரண்டுக்குள்ளேயே முடிந்துவிடுவதால் பேரிங்குக்கு எட்டுவதில்லை. பேரிங்கை ஏற்றுவதற்கு அடுப்பும் ஃப்ரீசரும் கணக்கும் என்று இரண்டு நாள் செலவழித்தவர்கள், கடைசிப் பத்து நிமிடத்தில் அதை உடைத்திருக்கிறோம். உரிமையாளர் எழுதிவைத்த புகாரை அழித்தார்.

இரண்டாம் முறை

பேரிங்குகளையும் சீலையும் மீண்டும் புதிதாக வாங்கி, அதே கடையிலிருந்தே, முன்பு செய்ததுபோலவே சூட்டிலும் குளிரிலும் பொருத்தினோம். ஒரே வேறுபாடு புல்லியில்தான். மூக்கின் உட்புறத்தில் நுழையும் அளவுக்குப் பெரியவர் ஒரு எஃகு உருளையைக் கடைந்து, அதன் தலையில் ஷாஃப்ட்டின் மூன்று பின்கள் படாமல் இறங்குவதற்கு இடம் குடைந்து கொடுத்தார். ஷாஃப்ட்டின் உள்முனை அந்த உருளை மேல் நிற்க, மூக்கு எதன் மீதும் ஊன்றாமல் ஷாஃப்ட்டில் தொங்கியது. பிரஸ்ஸின் அழுத்தம் முழுவதும் புல்லி, ஷாஃப்ட், உருளை, மேசை என்று நேராக இறங்கியது. அழுத்திக்கொண்டிருக்கும்போதே மூக்கைக் கையால் சுழற்ற முடிந்தது. குண்டுகள் மேல் சுமை இல்லை என்பதற்கு அதைவிட நல்ல சோதனை தேவையில்லை.

புல்லியைச் சூடாக்கினால் இன்னும் இலகுவாக ஏறும் என்று ஒரு யோசனை வந்தது. பக்கத்திலேயே புதிய சீலின் ரப்பர் உதடு இருப்பதால் அதை விட்டுவிட்டோம். புல்லியின் பழைய நிலை அளவு எங்களிடம் இல்லாததால், மூக்கை வண்டியில் வைத்துப் பார்த்து, பெல்ட் வரிசையில் நேர்ச்சட்டம் பிடித்து, மூன்று முறை பிரஸ்ஸுக்கும் வண்டிக்குமாக நடந்து இடத்தைச் சரிசெய்தோம். முதல் முறை கண்ணளவாக நிறுத்தியதில் புல்லி ஒன்றரை மில்லிமீட்டர் வெளியே தள்ளி நின்றிருந்தது அப்போது தெரியவந்தது. பெல்ட்டின் ஒரு விளிம்பில் நூல் பிரிய ஆரம்பித்திருந்ததால் அதையும் மாற்றினோம்.

பின் நிகழ்ந்தவை

அதன் பிறகு ஒரு மிச்சிகன் குளிர்காலமும் ஒரு கோடையும் கடந்து 9,000 மைல் ஓடியிருக்கிறது. ஊளை திரும்பவில்லை. 1,000 மைலிலும் 5,000 மைலிலும் ஆயில் மட்டத்தைப் பார்த்தோம். குறையவில்லை, முதல் தடவை எடுத்த மாதிரியில் சற்றே சாம்பல் நிறம் இருந்ததால் ஒருமுறை மாற்றிவிட்டோம், இரண்டாவது மாதிரி தெளிவாக இருந்தது. தொடாமல் விட்ட ரோட்டர் முன் பேரிங்குகள் இன்றுவரை அமைதி. இரண்டு முறையும் சேர்த்து உதிரிப் பாகங்களுக்கு ஆன செலவு புதுப்பித்த அலகின் விலையை எட்டவில்லை. ஆனால் மூன்று பேருடைய வார இறுதிகளைக் கணக்கில் சேர்த்தால் அந்த வாதம் நிற்காது.

மீண்டும் செய்தால் மாற்றக்கூடியவை

புல்லியைக் கழற்றுவதற்கு முன்பே, மூக்கின் விளிம்பு முகத்திலிருந்து புல்லியின் முன்முகம் வரை வெர்னியரால் அளந்து தாளில் எழுதுவோம். மார்க்கர் கோட்டை நம்பமாட்டோம்.

ஒவ்வொரு அழுத்தத்துக்கும் முன்னால், விசை எங்கே நுழைந்து எந்தெந்தப் பாகத்தின் வழியாகப் போய் மேசையைச் சேர்கிறது என்பதை விரலால் தொட்டுக் காட்டிவிட்டுத்தான் தொடங்குவோம். இரண்டாம் முறை பெரியவர் எங்களை அப்படித்தான் செய்ய வைத்தார். விரல் போகும் பாதையில் குண்டு வந்தால் கட்டையின் இடத்தை மாற்ற வேண்டும்.

சீலன்ட்டை இன்னும் மெல்லியதாகத் தடவுவோம். இரண்டாம் முறை மூக்கைத் திறந்தபோது உள்விளிம்பில் பிதுங்கி நின்ற ஒரு துண்டு கியர் அறையில் விழும் நிலையில் இருந்தது, நல்லவேளையாக விழவில்லை.

பேரிங்குகள் கெட்டுவிட்டன என்று ஐயம் எழுந்தால் முதலில் ஒன்றை அறுத்துப் பார்ப்போம், கடிதம் அதற்குப் பிறகு. பிளந்த அந்த வளையத்தின் ஒரு பாதி உரிமையாளரின் கராஜில், பிரஸ்ஸாகப் பயன்படும் வைஸுக்கு நேர்மேலே, ஒரு ஆணியில் தொங்குகிறது.